கஞ்சாதான் காரணமா?

புனேயின் எரவாடா என்றதும் தமிழ் வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சிறைச்சாலை. 1932-இல் காந்தி உண்ணாவிரதம் இருந்ததும், அம்பேத்கரோடு புனே ஒப்பந்தம் உருவானதும் அங்கேதான். அதே எரவாடாவில் இன்னொரு பெரிய வளாகம் இருக்கிறது. 2,540 படுக்கைகள் கொண்ட அரசு மனநல மருத்துவமனை; ஆசியாவின் மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயருக்கு என்ன கதி நேர்ந்ததோ, புனேயில் ‘எரவாடா’வுக்கும் அதுவே நேர்ந்தது. ஊர்ப்பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது.

அந்த மருத்துவமனையில் மனநல மருத்துவராகப் பணியாற்றியவர் டாக்டர் அனிதா அவசட். அவருடைய கணவர் அனில் அவசட், மருத்துவம் படித்துவிட்டு எழுத்தாளரானவர். 1980-களின் நடுவில் ‘கர்த்’ என்று மராத்தியில் சொல்லப்படும் பிரவுன் சுகர் மகாராஷ்டிர இளைஞர்களைச் சூறையாடிக்கொண்டிருந்தது. அனில் அதைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவற்றைப் படித்துக் கலங்கிய மராத்தியின் பெரும் எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே, சிகிச்சைக்கு ஓர் இடம் தொடங்குங்கள் என்று நிதி கொடுத்தார். 1986 ஆகஸ்ட் 29 அன்று, எரவாடா மனநல மருத்துவமனை வளாகத்திலேயே ‘முக்தாங்கண்’ தொடங்கியது. திறந்த முற்றம் என்று பொருள். அனிதா 1997-இலும் அனில் 2022-இலும் காலமானார்கள். அவர்களுடைய மகள் முக்தா புணதாம்பேகர் இன்று அதை நடத்துகிறார். பிரவுன் சுகருக்காகத் தொடங்கிய இடம் இப்போது மது, கஞ்சா, மாத்திரை என்று எல்லாப் பழக்கங்களுக்கும் சிகிச்சை தருகிறது.

போதை மீட்பு இல்லம் மனநல மருத்துவமனையின் மதிலுக்குள் பிறந்தது பொருத்தமானதே. இந்த இரண்டு நோய்களும் ஒரே வீட்டுக்குள், பல நேரம் ஒரே ஆளுக்குள், சேர்ந்து வசிப்பவை. அவற்றில் எது முதலில் வந்தது என்பதுதான் குடும்பங்களை அலைக்கழிக்கும் கேள்வி. குறிப்பாகக் கஞ்சா விஷயத்தில்.

வாசலில் கேட்கும் கதை

எரவாடாவானாலும் கீழ்ப்பாக்கமானாலும் புறநோயாளிப் பிரிவின் வாசலில் பெற்றோர் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். பையன் நன்றாகப் படித்தவன். வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்தான். அறை எடுத்து நண்பர்களோடு தங்கினான். இரண்டாம் ஆண்டில் மதிப்பெண் சரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். தூக்கம் போனது. பக்கத்து அறைக்காரன் தன்னைப் பற்றியே பேசுகிறான் என்றான். பிறகு, யாருமே இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்றான். அறையைத் துழாவியபோது பொட்டலம் அகப்பட்டது.

“கஞ்சா அடிச்சுத்தான் இப்படி ஆயிட்டான்” என்கிறார் அப்பா. “இல்லை, மனசு சரியில்லாமத்தான் அதைத் தொட்டிருக்கான்” என்கிறார் அம்மா. இரண்டு பேரும் மருத்துவரின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

ஊரிலோ இதற்கு இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. கஞ்சாவைத் தொட்டவனுக்குப் பைத்தியம் பிடிக்காமல் போகாது என்பது ஒன்று. மூலிகைதானே, சிவன் கோயில் சாமியார்கள் காலங்காலமாக இழுக்கவில்லையா என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. இந்தத் தவறுகளை முதன்முதலில் முறையாக விசாரித்த நாடு இந்தியாதான் என்பது பலருக்குத் தெரியாது.

1893: ஒரு பதிவேட்டின் கதை

1893 மார்ச்சில் லண்டன் நாடாளுமன்றத்தில் டபிள்யூ. எஸ். கெய்ன் என்ற உறுப்பினர் கஞ்சாவைப் பற்றி எழுப்பிய கேள்வியை அடுத்து, அதே ஆண்டு ஜூலையில் இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் டபிள்யூ. மெக்வொர்த் யங். உறுப்பினர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். கஞ்சா அன்று அரசு உரிமம் பெற்று விற்கப்பட்ட சரக்கு. பம்பாய் மாகாணத்தில் அகமதுநகர், சாத்தாரா வட்டாரங்களிலும், சென்னை மாகாணத்தில் ஜவ்வாது மலையிலும் அது பயிரானது. ஆணையம் நாடு முழுவதும் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-இல் பல தொகுதிகளாக அறிக்கை தந்தது.

அவர்கள் முன்னால் இருந்த முக்கியமான கேள்வி: கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குகிறதா? ஆம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை மனநோயாளர் விடுதிகளின் ஆண்டறிக்கைகள். புனே உட்படப் பல ஊர்களில் அன்று அப்படிப்பட்ட விடுதிகள் இருந்தன. 1892-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் விடுதிகளில் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்கு நோய்க் காரணம் கஞ்சா, அதே செடியிலிருந்து வரும் சரஸ், பங்கு என்று எழுதப்பட்டிருந்தது. ஆறில் ஒருவர்.

ஆணையம் அந்தப் பதிவேடுகளோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு நோயாளியாக எடுத்துக்கொண்டு உறவினர்களையும் ஊர்க்காரர்களையும் விசாரிக்க வைத்தது. அப்போதுதான் உண்மை வெளிவந்தது. ‘காரணம்’ என்ற பத்தியை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் இல்லை, நோயாளியைக் கொண்டுவந்து சேர்த்த போலீஸார். அவன் எப்போதாவது கஞ்சா இழுத்தான் என்று யாரேனும் சொன்னால் போதும், ‘கஞ்சா’ என்று எழுதிவிடுவார்கள். விடுதி அதிகாரிகள் அதை அப்படியே நகலெடுத்தார்கள். மறுவிசாரணையில் 222 என்ற எண் 98 ஆகச் சுருங்கியது. அதிலும் கஞ்சா மட்டுமே காரணம் என்று கருதத்தக்கவர்கள் 61 பேர்.

அந்த எண் பூஜ்யமாகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கஞ்சாவின் பங்கு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது, ஆனாலும் சிலருக்கு அது மனநோயை உண்டாக்குவது உண்மை, அளவுமீறிப் பயன்படுத்துவோருக்கும் இயல்பிலேயே பலவீனமோ பரம்பரைச் சார்போ உள்ளவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல் என்று ஆணையம் முடிவுரைத்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, மரபணுவியலையும் மூளை ஸ்கேனையும் வைத்துக்கொண்டு இன்றைய அறிவியல் வந்து நிற்கும் இடமும் இதற்கு அருகில்தான்.

மூளையில் நடப்பது

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தன்மையான வேதிப்பொருள்கள் உண்டு. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று டி.எச்.சி.; போதை தருவது அதுதான். 1964-இல் இஸ்ரேலில் ரபேல் மெக்கூலமும் அவருடைய குழுவினரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். மற்றொன்று சி.பி.டி.; இது போதை தராது, டி.எச்.சி.யின் சில விளைவுகளைத் தணிக்கவும் கூடும்.

டி.எச்.சி. மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நம் எல்லோருக்கும் இருக்கின்றன. செடிக்காக அவை உண்டாகவில்லை. நம் மூளையே அதற்கு ஒத்த பொருளைச் சுரக்கிறது என்று மெக்கூலத்தின் ஆய்வகம் 1992-இல் கண்டுபிடித்தது. அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்தே எடுத்த பெயர். பசி, நினைவு, அச்சம், தூக்கம் ஆகியவற்றை இந்த அமைப்பு மெல்ல ஏற்றி இறக்கிச் சமநிலையில் வைக்கிறது. வெளியிலிருந்து டி.எச்.சி. வந்து இறங்கும்போது இந்தச் சமநிலை குலைகிறது. டோபமைன் என்ற வேதிப்பொருளின் போக்கும் மாறுகிறது. டோபமைன் தாறுமாறானால், ஒன்றுமில்லாத விஷயத்துக்கும் பெரிய அர்த்தம் இருப்பதாகத் தோன்றும். எதிரே வருபவர் இருமினால் அது தனக்கான சமிக்ஞை என்று படும்.

இது வெறும் ஊகம் இல்லை. 2004-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் தீபக் சிரில் டிசோசா குழுவினர், மனநோய் ஏதும் இல்லாதவர்களுக்கு டி.எச்.சி.யை ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். அவர்களிடமும் சந்தேகம், எண்ணக் குழப்பம் போன்ற அறிகுறிகள் தோன்றி, சில மணி நேரத்தில் மறைந்தன.

பெரும்பாலோருக்கு அப்படித்தான், வந்தது போய்விடும். சிலருக்குச் சில நாட்களோ வாரங்களோ நீடிக்கும். ‘கஞ்சா சைக்கோசிஸ்’ என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இன்னும் சிலருக்கு அது போவதே இல்லை, மனச்சிதைவு நோயாகத் தங்கிவிடுகிறது. இந்த மூன்றாவது வகையினர் யார் என்பதைக் கண்டறியவே உலகெங்கும் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

எண்கள் சொல்வது

ஸ்வீடனில் 1969–70-இல் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த 45,570 இளைஞர்களிடம் கஞ்சாப் பழக்கம் பற்றிக் கேட்டுப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 15 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து 1987-இல் முடிவை வெளியிட்டார்கள். 50 தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு. குடும்பச் சூழல், ஏற்கெனவே இருந்த மனக் கோளாறு போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோது இந்த மடங்கு வெகுவாகக் குறைந்தது. ஆனால் தொடர்பு அறுந்துபோகவில்லை.

நியூஸிலாந்தின் டனீடின் நகரில் 1972–73-இல் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து வருகிறார்கள். 15 வயதுக்குள் கஞ்சாவைத் தொட்டவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு 26 வயதுக்குள் மனச்சிதைவு வகைக் கோளாறு தெரிந்தது. மற்றவர்களில் அது 3 சதவீதம்.

2019-இல் வெளியான இன்னொரு ஆய்வு ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்தது. முதன்முறையாக மனப்பிறழ்வுக்கு (சைக்கோசிஸ்) ஆளான 901 பேரையும், அதே ஊர்களில் நோயில்லாத 1,237 பேரையும் ஒப்பிட்டார்கள். தினமும் கஞ்சா பயன்படுத்துவோருக்கு ஆபத்து 3 மடங்கு. டி.எச்.சி. 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள வீரியச் சரக்கைத் தினமும் பயன்படுத்துவோருக்கு ஏறக்குறைய 5 மடங்கு.

எந்த வயதில் ஆரம்பித்தார், எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எவ்வளவு வீரியம், குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய் இருந்ததா? ஆபத்தின் அளவை இந்த நான்கும்தான் தீர்மானிக்கின்றன. மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. முன்யோசனையும் அடக்கமும் குடியிருக்கும் முன்மூளைதான் கடைசியாக முதிர்கிறது. பச்சைச் சுவரில் ஆணி அடித்தால் விரிசல் விடும் அல்லவா? பதினைந்து வயதில் இழுப்பதும் முப்பத்தைந்து வயதில் இழுப்பதும் ஒன்றில்லை என்பது அதனால்தான்.

சாமியார்களைக் காட்டி வாதாடுபவர்களுக்கும் இங்கே பதில் இருக்கிறது. ரங்கபஞ்சமிப் பண்டிகைக்குத் தண்டாய் பானத்தில் கலக்கும் பங்கு இலையிலிருந்து அரைப்பது, அதில் டி.எச்.சி. குறைவு. கஞ்சா என்பது பூக்கும் நுனி; அதில் கூடுதல். சரஸ் என்பது பிசின்; இன்னும் கூடுதல். இப்போது தாய்லாந்திலிருந்து வரும் விமானங்களில் சுங்க அதிகாரிகள் அடிக்கடி பறிமுதல் செய்யும் ‘ஹைட்ரோபோனிக்’ கஞ்சா மண்ணில்லாமல், செயற்கை ஒளியில், வீரியத்துக்காகவே வளர்க்கப்படுவது. தாத்தா காலத்துச் சரக்கை வைத்து இதை எடைபோடக் கூடாது.

மனச்சிதைவு மட்டும்தான் ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். 11 ஆய்வுகளில் 23,317 பேரின் தகவல்களைச் சேர்த்து 2019-இல் வெளியான ஓர் அலசல், வளரிளம் பருவத்தில் கஞ்சா பயன்படுத்தியவர்களிடம் பிற்காலத்தில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. மனச்சோர்வில் வேறுபாடு சிறியது. தற்கொலை முயற்சியில் பெரியது.

அம்மா சொன்னதிலும் உண்மை உண்டு

இவ்வளவையும் படித்துவிட்டு அப்பாவின் பக்கம் தீர்ப்பு எழுதிவிட முடியாது. மனச்சிதைவுக்கு வழிவகுக்கும் மரபணுக் கூறுகள் உள்ளவர்கள் கஞ்சாவை நாடும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் வெளிப்படுவதற்கு மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் முன்பிருந்தே உள்ளுக்குள் பதற்றமும் தூக்கமின்மையும் தனிமையும் தொடங்கிவிடுகின்றன. அந்தத் தவிப்பைத் தணிக்க இளைஞன் பொட்டலத்தைத் தேடுவதும் நடக்கிறது. தற்காலிகமாக நிம்மதி, பிறகு நோய் இன்னும் முற்றுகிறது. தொடர்பு இரண்டு பக்கமும் ஓடும் தெரு.

கஞ்சாவின் வாடையே படாதவர்களுக்கும் மனச்சிதைவு வருகிறது என்பதை மறக்கவே கூடாது. 1984-இல் டாக்டர் எம். சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம், கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆய்வாளர்களோடு சேர்ந்து, முதன்முறை மனப்பிறழ்வுக்கு ஆளான இளைஞர்களை இரண்டு ஊர்களிலும் ஒப்பிட்டது. சென்னை இளைஞர்களிடம் போதைப் பழக்கம் மிகக் குறைவாக இருந்தது. நோய் மட்டும் இருந்தது.

புனேக்காரர்களுக்கு இதைத் திரையிலேயே காட்டினார்கள். சுமித்ரா பாவே, சுனில் சுக்தன்கர் இருவரும் இயக்கி 2004-இல் வந்த ‘தேவராய்’ என்ற மராத்திப் படத்தில், மனச்சிதைவுக்கு ஆளாகும் மனிதனாக அதுல் குல்கர்ணி நடித்திருந்தார். அவன் மனம் ஒட்டிக்கிடப்பது போதையில் இல்லை, ஊரின் கோயில்காட்டில். அந்தப் படத்தை முன்னின்று உருவாக்கியவர் ஜகந்நாத் வாணி. கனடாவில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர். மனைவியின் நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். புனேயில் மனச்சிதைவு விழிப்புணர்வுச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. நோயாளிகளின் குடும்பங்கள் ஒன்றுகூடிப் பேசும் இடம் அது. பழியைச் சுமந்துகொண்டு மூலையில் ஒடுங்கியிருக்கும் பெற்றோருக்கு அப்படி ஓர் இடம் கிடைப்பது பெரிய ஆறுதல்.

காத்திருந்தால் கெடும்

2019 பிப்ரவரியில் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் சுமார் 3.1 கோடிப் பேர் முந்தைய ஓராண்டில் பங்கு, கஞ்சா, சரஸ் இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பங்கை நீக்கிவிட்டுப் பார்த்தால் கஞ்சா, சரஸ் பயன்படுத்துவோர் சுமார் 1.3 கோடி. மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கலில் இருப்பவர்கள் சுமார் 72 லட்சம். பயன்படுத்துவோரில் மிகப் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு வராது. ஆனால் வரப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை எதுவும் கிடையாது.

அதனால்தான் ஆரம்ப அறிகுறிகளைக் கவனிப்பது முக்கியம். படிப்பிலோ வேலையிலோ திடீர்ச் சரிவு, தூக்கம் தலைகீழாவது, குளிப்பது உடுப்பதில் அக்கறையின்மை, காரணமில்லாத சந்தேகம், தனக்குத்தானே பேசுவது, சிரிப்பது. இவற்றைக் கண்டால் முதலில் மனநல மருத்துவர்; பொட்டலத்தைப் பற்றிய விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை அலசியபோது, கஞ்சாவால் வந்த மனப்பிறழ்வு என்று முதலில் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பின்னாளில் மனச்சிதைவு அல்லது இருதுருவக் கோளாறு நோயாளிகள் ஆனது தெரியவந்தது. ‘கஞ்சாவால் வந்தது, விட்டால் சரியாகிவிடும்’ என்று மருந்தோடும் கண்காணிப்போடும் உள்ள தொடர்பை அறுத்துக்கொள்வது எவ்வளவு அபாயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. முதல் தாக்குதலுக்குப் பிறகு கஞ்சாவை அடியோடு நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்புவது குறைகிறது. நிறுத்தும்போது எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை வரும். முதல் வாரத்தில் உச்சம், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். கஞ்சாவை விட வைக்கவென்று தனி மாத்திரை இன்னும் இல்லை. ஆலோசனை, குடும்பத்தின் துணை, மனநோய்க்கான மருந்து ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும். முக்தாங்கண் போன்ற இடங்களில் பழக்கத்திலிருந்து மீண்டவர்களே ஊழியர்களாக இருப்பதும், வீடு திரும்பிய பின்னும் தொடர்பு விடாமல் இருப்பதும் இதற்காகத்தான். ஒரு கதவில் மனநோய், இன்னொரு கதவில் போதை என்று நோயாளியை அலையவிடும் மருத்துவமனைகள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சட்டம் தரும் வாசல்

பல பெற்றோர் மருத்துவரிடம் போகத் தயங்குவது போலீஸுக்குப் பயந்து. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாவைப் பயன்படுத்துவது குற்றம்தான். 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. இந்தப் பிரிவைப் பற்றிக் காவல் நிலையங்களிலும் கல்லூரிகளிலும் பேசுவோர் மிகக் குறைவு.

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டமோ இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மது, போதைப் பொருள்களால் வரும் மனக் கோளாறுகளையும் அது மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. இந்தச் சட்டத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்காற்றியவர் டாக்டர் சௌமித்ர பதாரே. அவர் நடத்தும் மனநலச் சட்டம், கொள்கை மையம் இயங்குவதும் புனேயில்தான், இந்தியச் சட்டச் சங்கத்தின் கீழ்.

1892-இல் போலீஸ்காரர் ஒரே சொல்லில் நிரப்பிய அந்தப் பத்தியை இன்று நிரப்பிக்கொண்டிருப்பவர்கள் நாம்தான். “கஞ்சாக்காரன்” என்று எழுதி மூடிவிட்டால் அதற்கு அடியில் இருக்கும் நோய் யார் கண்ணுக்கும் தெரியாது. “வெறும் மூலிகை” என்று எழுதி மூடினாலும் அப்படியே. வீட்டில் ஒரு பிள்ளை மாறிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றினால், அடிக்காமல், துரத்தாமல், ஒரு மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் கூட்டிப்போங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416; போதை மீட்பு உதவிக்கு 14446. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.